சீட் பெல்ட் வைத்த சோபா

எங்கள் வீட்டுச் சோபாவில் சீட் பெல்ட் இருந்தது.

வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு மெல்ல உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் பெல்ட்டை இழுத்துத் தன்னைக் கட்டிப் பார்ப்பார், அது தவறுவதேயில்லை. கறுப்புத் துணி, சிவப்பு நூல் தையல், இரண்டு பேருக்கு மட்டும் இடம். அந்த இரண்டு பேரும் முழங்காலை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும். வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கையொன்றில், எங்கள் அனெக்ஸ் வீட்டின் முன்னறையில், செங்கல் அடுக்கிப் பலகை போட்டு அதன்மேல் அந்த இருக்கையைப் பூட்டி வைத்திருந்தார் அத்தான். ரயில் போகும்போது அது மெல்ல அதிரும். ஓடாத காரின் பின்சீட்டில் இருந்துகொண்டு நாங்கள் தேத்தண்ணீர் குடித்தோம், செய்தி கேட்டோம், சண்டை பிடித்தோம்.

அந்தச் சீட்டின் கார் கொட்டாஞ்சேனையில் நின்றது. துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில், அத்தானின் கராஜில். சீட் இல்லாமல், கம்பளம் இல்லாமல், ரேடியோ இல்லாமல், உரித்த கோழி மாதிரி.

அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தார். ஆனால் அதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. நான் அப்போது ஒரு காப்புறுதிக் கம்பெனியில் கிளார்க், அவர்களோடுதான் இருந்தேன். கழற்றுவது அவருடைய தொழில். கழற்றுவதே அவருடைய குணமும்.

காரின் சொந்தக்காரரை மரியாதைக்குச் சேர் என்போம். பணக்காரர் வாழும் கறுவாத்தோட்டத்தில் வீடு, இறக்குமதி வியாபாரம், அழகான சிரிப்பு. அவரைப் போல கொழும்பில் ஒரு சிறு கூட்டம் இருந்தது. வடக்கில் ஷெல் விழுந்துகொண்டிருந்த அந்த வருடங்களில், தெற்கே கடலோரத்துப் பழைய விமான ஓடுபாதையொன்றைச் சில சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து, தங்கள் வேகக் கார்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டி நேரம் பார்ப்பார்கள். ட்ராக் டே என்பது அதற்குப் பெயர். பந்தயம்கூட இல்லை. பரிசு இல்லை, மாலை இல்லை. போன தரத்தைவிட இந்தத் தரம் ஒரு செக்கன் குறைந்ததா என்பதுதான் விசயம். அந்த ஒரு செக்கனை எங்கிருந்தாவது பிடுங்கிக் கொடுப்பவர் அத்தான்.

"எஞ்சினுக்குச் சக்தி கூட்டுறது மொக்கன்ட வேலை," என்பார். "பாரத்தை எடு. கார் தானாப் பறக்கும்."

எந்தச் சாமானைக் கையில் தொட்டாலும் ஒரே கேள்வி: "இது என்னத்துக்கு?" பதில் சொல்லக் கொஞ்சம் தயங்கினால் அது கழன்றுவிடும். ஸ்பெயார் சில்லு என் கட்டிலுக்குக் கீழே வந்து படுத்தது. கம்பளம் அக்காவின் தையல் மெஷினுக்குக் கீழே விரிந்தது. கூரையின் உட்துணி யன்னல் மறைப்பாயிற்று. கழற்றிய திருகாணிகளை ஜாம் போத்தல்களில் போட்டு அலுமாரிக்கு மேல் அடுக்கியிருந்தார். எதையும் எறிந்ததில்லை. கழற்றுவார், ஆனால் நினைத்த நேரம் திருப்பிப் பூட்டலாம் என்ற நம்பிக்கையோடு கழற்றுவார். அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இன்றும் வாய் கசக்கிறது.

காரின் தரைத்தகட்டில் சத்தத்தை அடக்குவதற்காகத் தார் ஒட்டியிருப்பார்கள். கம்பளத்துக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், கட்டியாக. அதையும் விடவில்லை அவர். மீன் கடைக்காரரிடம் ஐஸ் பாளம் வாங்கி, உடைத்து, உப்பைக் கலந்து தரையில் கொட்டி, தார் குளிரில் விறைத்ததும் உளியால் தட்டினார். பிஸ்கற் மாதிரி உடைந்து உடைந்து வந்தது. உலகத்திலேயே விலை உயர்ந்த கார்களில் ஒன்றுக்குள்ளே மீன் நாற்றம். அள்ளிய தாரைச் சாக்கில் கட்டி என் கையில் தந்தார்.

"தூக்கிப் பார். இவ்வளவு நாளும் இதையும் சுமந்துகொண்டெல்லோ ஓடியிருக்குது, பாவம்."

காருக்குத்தான் பாவம் சொன்னார். மனிதருக்கு அவர் அந்தச் சொல்லைச் செலவழித்ததில்லை.

ஒரு காரை ஓடுபாதைக்குத் தயாராக்கும்போது, நான்கு சில்லிலும் விழும் எடையைத் தனித்தனியே நிறுத்துச் சமன் செய்ய வேண்டும். அதற்கு ஓட்டுகிறவரும் சீட்டில் இருக்க வேண்டும். சேருக்கு நேரமேது? அத்தான் சேரின் எடைக்கு அரிசி மூட்டைகள் வாங்கி, ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, பெல்ட்டால் கட்டுவார். ஒருதரம் சேர் வந்து எட்டிப் பார்த்தபோது அத்தான் அவருடைய வயிற்றைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், எனக்குத் தமிழில் சொன்னார்:

"நான் ஒரு மாசமாக் கழட்டினதை மனிசன் ஒரு கலியாண வீட்டிலே திண்டு ஏத்திப்போட்டு வந்து நிக்குது. ஓடு, இன்னொரு சின்ன மூட்டை வாங்கிக்கொண்டு வா."

சேர் புரியாமல் சிரித்தார். அழகான சிரிப்பு என்று சொன்னேனே.

வேலை முடிந்ததும் அந்த அரிசி வீட்டுக்கு வரும். அக்கா உலை வைப்பாள். "இண்டைக்குச் சேரைத்தான் சமைச்சிருக்கிறன், வாங்கோ," என்று கூப்பிடுவாள். சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம். அந்த வீட்டில் சிரிப்பும் இருந்தது, அதை மறைத்தால் பொய்யாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரேக் எண்ணெய் மாற்ற அவருக்கு என் கால் தேவைப்படும். பெடலில் நான். சில்லுக்குக் கீழே அவர்.

"அமத்து."

"அமத்திட்டன், அத்தான்."

"பிடி. பிடி. ... விடு."

பழைய எண்ணெயோடு காற்றுக் குமிழிகள் போகும். ஒரு குமிழி மிஞ்சினாலும், சூடேறி, வேண்டிய இடத்தில் பிரேக் பிடிக்காது என்பார். வெள்ளை ஓவரோல் போட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரி, மருத்துவமனையிலிருந்து வந்தவர் போல நிற்பார். கர்வம் பிடித்தவர். பக்கத்துக் கராஜ்காரர்களைக் கொல்லர் என்பார். அவர்கள் இவரைக் "கழட்டி மாத்தயா", கழற்றுகிற ஐயா, என்பார்கள். அது காதில் விழுந்தால் அன்றைக்கு முழுவதும் சந்தோசமாக இருப்பார்.

இதெல்லாம் காரோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

காலையில் திருநீறு பூசுவார். காலி வீதிக்கு ஏறும் முனையில், சலூன் கண்ணாடியில் பார்த்து, கைக்குட்டையால் அதைத் துடைத்துவிடுவார். பஸ்ஸுக்குள் தமிழ் இல்லை. "பஸ் ஏறமுதல் வாயைக் கழட்டிப் பையுக்குள்ளே வை," என்பார் அக்காவிடம். அவருடைய சிங்களத்தில் தமிழ் வாடை ஒரு துளியும் கிடையாது. சொல்லின் வாலைக்கூடச் சீவி வைத்திருந்தார். கடைக்காரர்கள் அவரை மாத்தறைப் பக்கத்துச் சிங்கள ஆள் என்று நினைப்பார்கள். அப்போது அவர் முகத்தில் வரும் ஒளியை, கார் அரைச் செக்கன் குறைந்த நாளில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் பொட்டு மட்டும் கழறவில்லை.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டார் ஒருநாள், விரலால் அவள் நெற்றியைக் காட்டி.

"சும்மாதான்," என்றாள் அக்கா. "உங்கட காரிலே ஹோர்ன் இருக்குதெல்லோ, அதை மாதிரி."

"ஹோர்னும் கழட்டியாச்சு."

"அப்ப வழியிலே ஆரும் வந்தா என்ன செய்வியள்?"

அதற்குப் பிறகு அவளோடு பஸ்ஸில் போகும்போது இரண்டு சீட் தள்ளி இருக்கத் தொடங்கினார்.

பிள்ளை விசயமும் அப்படித்தான். அக்கா கேட்டாள், பிறகு மன்றாடினாள், பிறகு கேட்பதை நிறுத்தினாள். "இந்த நேரத்திலே பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓட ஏலுமோ? நிலைமை சரிவரட்டும்," என்பார். நிலைமை எப்போது சரிவரும் என்று அவளும் கேட்கவில்லை. காரில் வரும் பிள்ளைகள் உட்காரவென்று செய்த அந்தச் சின்னச் சீட்டில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெல்ட்டின் கொக்கியைப் போடுவதும் எடுப்பதுமாக அவள் இருப்பாள். டிக். டிக். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது.

எங்கள் மேல்மாடியில் ஓர் அன்ரி, வவுனியாவிலிருந்து வந்தவர், படிக்கிற ஒரே மகனோடு வாடகைக்கு இருந்தார். ஒரு சுற்றிவளைப்பில் பொடியனைப் பொலிசார் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்ரி படியில் தடுக்கித் தடுக்கி இறங்கி வந்தார்.

"தம்பி, நீங்கள் ஒருக்கா ஸ்டேசனுக்கு வாங்கோ. உங்கட சிங்களம் நல்ல சிங்களம். அவனைத் தெரியும் எண்டு ஒரு வசனம் சொன்னால் காணும்."

அத்தான் ஜாம் போத்தலொன்றில் ஆணி தேடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்கு அவனைத் தெரியாதெல்லோ, அன்ரி."

"என்ன தம்பி சொல்லுறியள்? ஒவ்வொரு நாளும் உங்கட வாசலாலேதானே போறவன்."

"போறதைக் கண்டனான். தெரியாது."

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு, பொட்டோடு, தன் அரைகுறைச் சிங்களத்தோடு அன்ரியுடன் போனாள். பொடியனைப் பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு அக்கா திரும்பி வந்து கதவைச் சாத்திய விதத்தில், அந்த வீட்டில் இன்னொரு சாமானும் கழன்று விழுந்தது. அதற்குப் போத்தல் எதுவும் இருக்கவில்லை.

இப்போது அடையாள அட்டை.

அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழர் பல் தீட்டாமல் வெளியே போகலாம். ஐ.சி. இல்லாமல் போக முடியாது. பாண் வாங்கப் போனாலும் ஐ.சி., கடற்கரையில் காற்று வாங்கப் போனாலும் ஐ.சி. சட்டைப் பையை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாசல்படி தாண்டுவோம். நெஞ்சில் கை வைக்கும் எங்களைப் பார்த்தால் பக்திமான்கள் என்று நினைக்கத் தோன்றும்.

அத்தானும் அப்படித்தான், ஒரு நேரத்தைத் தவிர. சேரின் காரைச் சோதித்து ஓட்டும் நேரம். காருக்குள் ஏறுமுன் பையெல்லாம் காலி செய்வார். மணிக்கூடு, பேர்ஸ், திறப்புக் கோர்வை, சில்லறை, சீப்பு, ஐ.சி. எல்லாவற்றையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து என்னிடம் தருவார். செருப்பையும் கழற்றுவார்.

"ஐ.சி. என்ன பாரம், அத்தான்? ஒரு தாள்."

"தாளோ?" என்று சிரித்தார். "என்ட உடம்பிலே இருக்கிற சாமானிலேயே அதுதான் பாரம் கூடினது."

பிறகு கதவைச் சாத்தி, கராஜிலிருந்து துறைமுக மதிலோரமாக ஒரு சுற்று, கொச்சிக்கடைக் கோயிலைத் தாண்டித் திரும்பி வருவார். அவ்வளவுதான். ஆனால் இறங்கும்போது அவர் வேறு ஆள். கண் விரிந்து, வாய் திறந்து, பெயரில்லாதவர் போல. அந்தச் சில நிமிடம் அவர் தமிழருமில்லை, சிங்களவருமில்லை, புருசனுமில்லை. வெறும் வேகம். அக்காவுக்கு இந்த முடிச்சு விசயம் தெரியும்.

"ஒருநாளைக்கு அதைத்தான் கேப்பாங்கள்," என்பாள். "இருந்து பாருங்கோ, அந்த நேரம் பார்த்து."

"சேரின்ட காரை ஆரும் மறிக்க மாட்டாங்கள்."

உண்மைதான். சேர் ஓட்டினால் மறிக்க மாட்டார்கள். ட்ராக் டேக்குக் காரைச் சேர் ஓட்டிக்கொண்டு போவார், பக்கத்துச் சீட்டில் அத்தான். எங்கள் பழைய வான் வண்டியில் சில்லுகளோடும் ஸ்பானர் சாவிகளோடும் நான் பின்னால். செக்பொயின்ற்களில் சேர் கண்ணாடியை இறக்கிச் சிரிப்பார், தடைக்கம்பு உயரும்.

கடைசி ட்ராக் டேக்கு முதல் வாரம், அத்தான் அந்தப் பக்கத்துச் சீட்டையும் கழற்றினார்.

"இது என்னத்துக்கு? ஓடேக்குள்ளே சேர் தனியத்தானே."

"அப்ப நீங்கள் எதிலே போவியள்?"

"உன்னோடை வானிலே."

அது அப்படியே நடந்திருந்தால் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் சேர் போன் எடுத்தார். சிங்கப்பூரிலிருந்து விருந்தாளிகள், அவர்களை வேறு காரில் தானே கூட்டிக்கொண்டு போகிறாராம், ஸ்போர்ட்ஸ் காரை அத்தானே நேரே ஓடுபாதைக்குக் கொண்டுவரட்டுமாம். அத்தான் போனை வைத்துவிட்டு அறைக்குள் நடந்தார், நடந்தார். இந்தத் தரம் துறைமுக மதிலோரம் ஒரு சுற்றல்ல. காலி வீதி முழுவதும். கடல் பக்கத்தில் வர, காலை வெயிலில், தனியே.

"நானும் வாறன், அத்தான்," என்றேன்.

"எங்கே இருப்பாய்? சீட்டைக் கழட்டியாச்சு."

காலையில் கராஜ் வாசலில் அக்கா நின்றாள். அவள் கொட்டாஞ்சேனைக்கு வருவதேயில்லை. அன்றைக்கு வந்தாள்.

"ஐ.சியைப் பையுக்குள்ளே வையுங்கோ."

"இவன் வானிலே கொண்டுவாறான்தானே. பின்னாலேயே வருவான்."

"இஞ்சேருங்கோ. இதொண்டுதான் கேக்கிறன். வேறை ஒண்டும் இனிக் கேக்க மாட்டன்."

அவர் முடிச்சை என் கையில் வைத்தார். வெறுங்காலோடு ஏறினார். கதவைச் சாத்தும்போது அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். கல்யாணமான புதிதில் அப்படிச் செய்வாராம், அக்கா பிறகொருநாள் சொன்னாள்.

என் வானைத் தெகிவளை தாண்டியதுமே மறித்தார்கள். நான்கு சில்லு, ஜாக்கி, பெற்றோல் கான், வயர், எடை நிறுக்கும் தட்டுகள். ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இறக்கியதை நானே திருப்பி ஏற்ற வேண்டும். கார் எங்கோ முன்னால், பாணந்துறைப் பக்கம், தன் பாரமின்மையோடு பறந்துகொண்டிருந்தது.

அதை மறித்த இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சேரின் டிரைவர்தான், அங்கே நின்ற ஆமிக்காரரிடம் கேட்டறிந்து, பின்னர் எனக்குச் சொன்னார். வயதான சிங்களவர், புறக்கோட்டைக் கடைத்தெருவில் பொறுக்கிய தமிழ், அண்ணன் என்ற கருத்தில் அய்யே என்று கூப்பிடுவேன். செக்பொயின்றில் நின்ற ஆமிப் பொடியன்களுக்கு முதலில் சந்தோசமாம், இப்படி ஒரு காரைக் கிட்ட நின்று பார்த்ததற்கு. அத்தான் அவர்களோடு தன் மாத்தறைச் சிங்களத்தில் பகிடி விட்டிருக்கிறார். அவர்களும் சிரித்திருக்கிறார்கள். ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான். வெறும் தகடு. இரும்புக் குழாய்க் கூடு. திறந்த வயர்கள். பின்பக்கத்தில், வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு சிவப்பு வளையம். கார் மோதி நின்றால் வெளியே நிற்பவர் அதை இழுத்து மின்சாரத்தைத் துண்டிப்பதற்கு. ஓடுபாதைக்காரர் அதில்லாமல் விடமாட்டார்கள். எல்லாவற்றையும் கழற்றிய மனிதர் அந்தக் காரில் கூட்டிய சாமான்கள் அந்தக் கூடும் அந்த வளையமும்தான்.

"இதை இழுத்தால் என்ன நடக்கும்?"

அத்தான் விளக்கியிருக்கிறார். விளக்கம் முடியுமுன் பொடியன் இரண்டடி பின்னால் போய்விட்டான்.

"ஐடென்டிட்டி எக்க?" அடையாள அட்டை எங்கே என்று.

இல்லை. பேர்ஸ் இல்லை. செருப்புக்கூட இல்லை. பெயரைக் கேட்டார்கள். பெயரை மட்டும் கழற்றி வைக்க அவருக்கு இடம் கிடைத்திருக்கவில்லை. சொன்னார். சிரிப்பு நின்றது. இந்தப் பெயர்க்காரனுக்கு இந்தச் சிங்களம் எப்படி? எங்கே பழக்கினார்கள்? யார் பழக்கினார்கள்? வருடக்கணக்காய்ச் சீவிச் சீவி எடுத்த அந்தச் சிங்களம் அவரைக் காப்பாற்றவில்லை. அதுவே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. உளறிக் கொட்டும் சிங்களத்தோடு அக்கா எத்தனை செக்பொயின்ற் தாண்டியிருக்கிறாள்!

நான் போய்ச் சேர்ந்தபோது கார் வீதியோரம் நின்றது, கதவு திறந்தபடி. அத்தானைக் கொண்டுபோய்விட்டார்கள். நான் முடிச்சை அவிழ்த்து ஐ.சியை நீட்டினேன்.

"மேக்க காகெத?" யாருடையது என்று கேட்டார் அதிகாரி.

"அத்தான்ட. என்ட அக்காட புருசன்ட."

"உன்னுடையது?"

அதையும் நீட்டினேன். ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று வைத்துக்கொண்டு அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். தன் அட்டை இல்லாத தமிழன் ஒருவன். இரண்டு அட்டையோடு ஒரு தமிழன். அன்று பொழுது சாயும் வரை நான் அந்தக் கொட்டிலின் மூலையில் குந்தியிருந்தேன்.

அங்கே இருந்தபடிதான் சேர் வந்ததைக் கண்டேன். டிரைவர் பின்னால். அதிகாரி எழும்பி நின்றார். கதிரை வந்தது, சோடா வந்தது.

"கார் உங்களுடையதா?"

"ஓம், என்னுடையது." பத்திரங்களைக் காட்டினார்.

"ஆள்?"

சேர் ஒரு கணம் யோசித்தார். கெட்டவரல்ல அவர். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். பாரத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, இது என்னத்துக்கு என்று தனக்குள் கேட்டவர் போல இருந்தது அவர் முகம்.

"கராஜில் வேலை செய்கிற ஆள். வேலை தெரியும். ஆளைப் பற்றி எனக்குத் தெரியாது."

போறதைக் கண்டனான், தெரியாது. அதே வசனம். சிங்களத்தில் இன்னும் கொஞ்சம் மரியாதையாக இருந்தது, அவ்வளவுதான்.

டிரைவர் நிலத்தைப் பார்த்தார். சேர் என் பக்கம் திரும்பவில்லை. கார் புறப்பட்டது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். ஒரு குமிழியும் மிஞ்சாத பிரேக்கை, என் கால் அமத்திய பிரேக்கை, வளைவில் அவர் ஒருதரம் தொட்டுவிட்டுப் போனார்.

என்னை அன்று மாலையே விட்டார்கள். என் அட்டையைத் தந்தார்கள். அவருடையதைத் தரவில்லை.

திங்கட்கிழமை டிரைவர் வெள்ளவத்தைக்கு வந்தார், ஒரு பை அப்பிள் பழத்தோடு. வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"நோனா, சேர் சொல்லச் சொன்னது. கார் நல்லா ஓடினது. இவ்வளவு நாள் ஓடினதிலே நல்ல நேரம் எண்டு. மாத்தயாவுக்குச் சொல்லுங்கோ எண்டு."

"சொல்லுறன், அய்யே," என்றாள் அக்கா. "காணேக்குள்ளே சொல்லுறன்."

தெற்கே ஒரு முகாமில் காண விட்டார்கள், எப்போதாவது. பஸ்ஸில் அக்காவோடு கூடப் போனவர் மேல்மாடி அன்ரி. நான் சொல்லாமலே இதை ஊகித்திருப்பீர்கள். முன்னும் பின்னும் இரண்டு சீட் தள்ளியல்ல, தோளோடு தோள் ஒட்டி, தமிழில் பலமாகக் கதைத்துக்கொண்டு, பொட்டோடும் திருநீறோடும் போனார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அத்தான் தலையைக் குனிந்துகொண்டாராம். அன்ரி மட்டும் கேட்டாராம்: "தம்பி, சாப்பாடு தாறாங்களோ?" காரைப் பற்றி அக்கா சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து டிரைவர் மறுபடி வந்தார். இம்முறை லொறியோடு. சேர் காரை விற்கிறார். வாங்குகிறவருக்கு எல்லாம் வேண்டுமாம், கம்பனியிலிருந்து வந்தபடி. சீட், கம்பளம், ஸ்பெயார் சில்லு, எல்லாம்.

அக்கா அப்போது அந்தச் சோபாவில்தான் இருந்தாள், மடியில் முருங்கைக்காயோடு. எழும்பினாள். தானே குனிந்து பலகையிலிருந்து சீட்டைக் கழற்றினாள். எந்தச் சாவி எந்த ஆணிக்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியம். தையல் மெஷினைத் தள்ளிக் கம்பளத்தைச் சுருட்டினாள். யன்னலிலிருந்து துணியை இழுத்தாள், வெயில் பளீரென்று உள்ளே வந்தது. அலுமாரிக்கு மேலிருந்து போத்தல் போத்தலாக இறக்கிக் கொடுத்தாள்.

"ஒண்டும் குறையாது, அய்யே. கழட்டினதெல்லாம் இருக்குது. எல்லாம் திரும்பப் பூட்டலாம்."

டிரைவர் சீட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டும்போது பெல்ட்டின் கொக்கி படியில் இழுபட்டுக்கொண்டு போனது. டிக், டிக். அவர் நின்று, அதை எடுத்து மடித்து வைத்தார். கண் கலங்கியிருந்தது. அவர் கண் கலங்கி எங்களுக்கு என்ன?

அத்தான் வந்தார். அடுத்த மழைக்காலத்தில், வழக்கில்லாமல், விளக்கமில்லாமல், ஒருநாள் மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினார். சட்டை அவரிலிருந்து தொங்கியது. எடுக்கக்கூடியதையெல்லாம் அவரிலிருந்து யாரோ எடுத்திருந்தார்கள். முன்னறையில் செங்கல் நிரை மட்டும் இருந்தது. அக்கா அதை அகற்றவில்லை. அவர் அதைப் பார்த்தார், கேள்வி கேட்கவில்லை, பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ரயில் ஒன்று போயிற்று. அதிர்வதற்கு ஒன்றுமில்லை.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கார் நல்லா ஓடிச்சுதோ, மச்சான்?"

அக்காதான் சொன்னாள்.

"ஓம். எல்லாத்திலும் நல்ல நேரமாம். நீங்களும் இல்லாதபடியாலே இன்னும் பாரம் குறைஞ்சிருக்கும்."

அத்தான் கோபப்படவில்லை. கண்ணை மூடி, நான்கு சில்லையும் மனதுக்குள் நிறுத்துப் பார்ப்பவர் போலக் கொஞ்ச நேரம் இருந்தார்.

"இல்லையப்பா," என்றார் பிறகு, மெதுவாக. "அதிலே என்ட பாரம் எப்பவுமே கணக்கில்லை."